மூக்குக்கண்ணாடியை உடைத்ததை மறைத்த மகனைத் தண்டிக்கலாமா?

கேள்வி இது: எட்டு வயது மகன் தன் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டுத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். "பையில இருக்கு" என்று மூன்று நாள் சொல்லியிருக்கிறான். உடைத்ததற்கு அல்ல, பொய் சொன்னதற்காவது கடுமையாகத் தண்டிக்க வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்த வயதில் நானும் ஒன்றை மறைத்தவன், அதனால் சொல்கிறேன்.

போகாதே என்று சொல்லியிருந்த வீட்டுக்கு விளையாடப் போனேன். அங்கிருந்த நாய் கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்து லேசாக ரத்தம் வந்தது. எனக்கு நாயைப் பற்றிய பயமே வரவில்லை. 'அப்பாவுக்குத் தெரிந்தால்?' என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. முழுக்கால் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். குளிக்கும்போது அண்ணன் பார்த்துவிட்டு வீட்டில் சொன்னான்.

அப்பா அடிக்கவில்லை. அங்கேயே உட்கார வைத்து, சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊசி போட்டு முடித்து வெளியே வந்த பிறகுதான், "ஏண்டா சொல்லல?" என்று கேட்டார். "அடிப்பீங்கன்னு" என்றேன். வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி ஒருமுறை தொடங்கிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது. கடித்த உடனே 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, தாமதிக்காமல் தடுப்பூசி போட்டால் தப்பிக்கலாம். நான் அந்த நேரத்தைத்தான் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன். பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கிவிட்டுத் திட்டுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாலும் இதே கதைதான். அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உடைந்த கண்ணாடிக்கும் விழுங்கிய பேட்டரிக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குத் தெரியாது. இரண்டுமே அதற்கு 'அடி விழும் விஷயம்'. சின்ன விஷயத்தில் நம் முகம் எப்படி மாறியது என்பதை வைத்துத்தான் பெரிய விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

தண்டித்தால் பொய் நிற்கும் என்பதும் சரியில்லை. விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் அடி உண்டு, மற்றதில் இல்லை. 3, 4 வயதுக் குழந்தைகளிடம் பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். ஆனால் அடி விழும் பள்ளிக் குழந்தைகள்தான் அதிகமாகப் பொய் சொன்னார்கள். அடுத்தடுத்துக் கேட்டபோதும் மாட்டிக்கொள்ளாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அடி அவர்களைப் பார்க்காமல் இருக்க வைக்கவில்லை, நன்றாக மறைக்கத்தான் பழக்கியிருக்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? தெரிந்துகொண்டே "கண்ணாடி எங்கடா?" என்று கேட்காதீர்கள். பதில் தெரிந்த கேள்வி குழந்தையைப் பொய்க்குள் தள்ளும். "கண்ணாடி உடைஞ்சிருக்கிறதைப் பார்த்தேன், மூணு நாளா போர்டு சரியாத் தெரிஞ்சிருக்காதே" என்று தொடங்கிப் பாருங்கள். மூன்று நாள் அவன் மங்கலாகத்தான் எல்லாவற்றையும் பார்த்திருப்பான். அந்தக் கஷ்டத்தைவிட உங்கள் கோபம் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி வாங்க அவனையும் கூட்டிப் போங்கள். தினமும் ராத்திரி அதைப் பெட்டியில் வைப்பது அவன் பொறுப்பு என்று சொல்லுங்கள். அது போதும். "உண்மையைச் சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சொன்னதும் கத்துவதை மட்டும் செய்துவிடாதீர்கள். அப்புறம் "அப்பா வரட்டும், இருக்கு உனக்கு" என்ற பேச்சையும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா தினமும் காலையில் அந்த வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். மூன்றாவது நாளிலிருந்து என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒருநாள் அந்த வழியில்தான், அவருடைய பேனாவை உடைத்ததும் நான்தான் என்று சொன்னேன். "சரி" என்றார். பிடித்த கையை விடவில்லை.