ஆட்டுத்தோல் பதனிடுதல்: கேள்வி பதில்

சாவகச்சேரி: அண்ணை, கிடாய்த்தோல் ஒண்டு கிடக்கு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் நேரம். வெயிலிலை காயப்போடட்டோ?

போடாதேங்கோ. மேல்பக்கம் இறுகும், உள்ளுக்கை அழுகும். பிறகு மயிரை இழுத்தால் கொத்தாய்க் கையோடை வரும். தோலின்ரை நிறையிலை பாதியளவு கல்லுப்பு எடுத்து ஊன்பக்கம், அதுதான் இறைச்சி ஒட்டியிருந்த பக்கம், முழுக்கத் தேயுங்கோ, கரையளை விடாமல். நிழலிலை, தண்ணி வடியச் சரிவாய் வையுங்கோ. கிணத்தடியிலை வேண்டாம்.

கோப்பாய்: கொழுப்பு எடுக்கக் கத்தி எல்லாம் பிழைக்குது.

கூர்க்கத்தியைத் தூக்கி வையுங்கோ. மழுங்கின விளிம்பு காணும். வழுவழுப்பான உருளைக் கட்டையிலை ஊன்பக்கம் மேலாய்த் தோலை விரிச்சு, வயித்தாலை அமத்திப் பிடிச்சு, உங்களிலையிருந்து வெளியாலை தள்ளுங்கோ. கொழுப்பு லேசாய் வந்திடும். பிறகு நீலம் பாய்ஞ்ச சவ்வு ஒண்டு மினுங்கிக்கொண்டு நிக்கும். எல்லாரும் அதைத் தோல் எண்டு நினைச்சு விட்டிடுவினம். அது கிடந்தால் பட்டைத்தண்ணி, அதுதான் பதனிட ஊறப்போடுற மரப்பட்டைத் தண்ணி, உள்ளுக்கை போகாது. ஓரத்திலை கிளப்பிவிட்டால் தாள் மாதிரி உரியும், கீழை மினுக்கமில்லாத வெள்ளை தெரியும். பிடரி தடிப்பு, அங்கை பலமாய்த் தள்ளலாம். வயித்துப்பக்கம் மெல்லிசு, பொத்தல் விழும். கழிவுத்தண்ணி கிணத்துப்பக்கம் போகக்கூடாது.

மானிப்பாய்: எந்த உப்பு?

கல்லுப்பு. மேலை இருக்கு.

காரைநகர்: ஆவரசம்பட்டைத் தண்ணியிலை எத்தனை நாள்?

நாளைக் கேளாதேங்கோ, தோலைக் கேளுங்கோ. கரையிலை சின்னத் துண்டு வெட்டிப் பாருங்கோ. நடுவிலை வெள்ளைக்கோடு தெரிஞ்சால் இன்னும் பச்சைத்தோல்தான். முதல்லை ஐதான தண்ணி, பிறகு கடுப்பானது. எடுத்த எடுப்பிலை கடுப்பிலை போட்டால் வெளிப்பக்கம் அடைபட்டு உள்ளுக்கை ஊறாது.

நல்லூர்: பறைக்கும் இப்பிடித்தானே?

இல்லை. பறைக்குப் பதனிடுறேல்லை. மயிரும் ஊனும் வழிச்சு, ஈரத்தோடை இழுத்துக் கட்டிக் காயவிடுறது. பதனிட்டால் மெதுமையாகி ஓசை செத்துப்போகும்.

கொண்டாவில்: பிழை அண்ணை. எங்கடை அப்பு கடுக்காய்த் தண்ணியிலை போட்டுத்தான் கட்டினவர். ஊரெல்லாம் கேக்கும்.

எவ்வளவு நேரம் போட்டவர்?

கொண்டாவில்: ஒரு இரவு இருக்கும்.

அப்ப அது பதனிடல் இல்லைத் தம்பி. மேல்தோல்தான் நிறம் மாறியிருக்கும். கரையை வெட்டியிருந்தால் நடுவிலை வெள்ளை நிண்டிருக்கும். அடிச்சது பச்சைத்தோலைத்தான்.

கொண்டாவில்: அப்புவுக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியும்?

அப்புவின்ரை வேலையிலை நான் பிழை சொல்லேல்லை, நீங்கள் அதுக்கு வைச்ச பேரிலைதான் பிழை. ஒரே தோலிலை ரெண்டு துண்டு, ஒண்டை நடுவரைக்கும் ஊறவிட்டு, மற்றதைச் சும்மா காயவைச்சு, தட்டிப் பாருங்கோ.

சுன்னாகம்: பட்டைக்குப் பதிலாய்ப் படிகாரத்திலை பதனிடுறது லேசுதானே?

லேசு. படிகாரமும் உப்பும் போட்டால் மயிரோடை வெள்ளையாய் வரும். நனைஞ்சால் படிகாரம் கழுவுப்பட்டுப் பழையபடி பச்சைத்தோல். சுவரிலை மாட்டலாம், செருப்புக்கு ஆகாது.

வவுனியா: மான்தோல் ஒண்டு...

சட்டப்படி குற்றம். அடுத்தது.

உரும்பிராய்: தூள் உப்புப் போடலாமோ?

உப்பைப் பற்றி இனிக் கேக்கிற ஆக்கள் முதல் பதிலை வாசியுங்கோ.

இணுவில்: ஏன் அண்ணை கிணறு கிணறு எண்டு நிக்கிறியள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு இருக்கோ? சுண்ணக்கல்லுக்கை தேங்கின மழைத்தண்ணியைத்தானே குடிக்கிறம். கல்லிலை வெடிப்பும் பொந்தும். மேலை ஊத்தின உப்புத்தண்ணி நேரை கீழை இறங்கும். உங்கடை கிணத்துக்கு மட்டுமில்லை, பக்கத்து வளவுக்கும். கழுவ முதல் உப்பைக் காய்ஞ்சபடி தட்டி வாளியிலை சேருங்கோ.

அச்சுவேலி: இரும்பு பரலிலை ஊறப்போட்டன், தோல் கறுத்துப்போச்சு.

பட்டைத்தண்ணியும் இரும்பும் சேர்ந்தால் மை. பிளாஸ்ரிக் பரல் எடுங்கோ.