கம்ப்யூட்டர் சீட்டுக்காக மனையை விற்காதீர்கள், ஆச்சி

பிளஸ் 2-வில் கணக்கு எடுத்துப் படிக்கும் மகளுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க, காரைக்குடி மனையை விற்கச் சொல்லி அம்மான் வீட்டார் நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அந்த யோசனை தவறு. பிள்ளை கேட்காத படிப்புக்காகக் குடும்பத்தின் ஒரே கையிருப்பைக் கரைக்கக் கூடாது.

அந்தப் படிப்பைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், விடுங்கள். “படிக்காமல் இதைத்தான் வரைகிறாள்” என்று குறைப்பட்டு ஒரு நோட்டுப் பக்கத்தை அனுப்பியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம். ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்கால் நீலக் கோடு. புது லேஅவுட் சாலை அதை வெட்டும் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில், “குழாய் சின்னது, தண்ணீர் தெருவுக்குப் போகுது.” இந்த வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள், ஆச்சி. படிப்பின் பெயர் பி.பிளான், அதாவது நகர்த் திட்டமிடல் பட்டம், நான்கு வருடம்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. இனி வீடுகள் எந்தப் பக்கம் வளரும், கடைத்தெரு எங்கே, எந்த நிலம் விவசாயமாகவே நிற்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்யோசனையாகத் தீர்மானிப்பது முழுமைத் திட்டம். தமிழ்நாட்டில் அதற்கு 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதைத் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு சர்வே எண்ணிலும் இன்று என்ன இருக்கிறது என்று நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டு, குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தைப் பிரித்து, வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு என்பது விதி. களத்துக்குப் போகாமல் மேசையிலேயே கோடு போட்டால் வரத்துக்காலின் மேல் சாலை வந்துவிடும். ஊருணி வறண்டு கிடக்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. ஆள் தேவை அவ்வளவு இருக்கிறது.

மத்திய அரசுக் கல்லூரிகளில் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வில் பேப்பர் 2பி எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில்தான்: இன்ஜினீயரிங்குக்கான பேப்பர் 1-ஐ மட்டும் டிக் செய்துவிடுவார்கள், அல்லது ஆர்க்கிடெக்சருக்கான 2ஏ-வை. மொத்தம் 400 மதிப்பெண். கணிதம் 100, திட்டமிடல் 100, ஆப்டிட்யூட் மட்டும் 200. தவறான விடைக்கு ஒரு மார்க் போகும். தமிழிலும் எழுதலாம். டெல்லி, போபால், விஜயவாடா ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இடங்கள் ஜோசா என்ற தேசிய அளவிலான பொதுக் கவுன்சலிங் வழியாக நிரம்புகின்றன. விஜயவாடாதான் நமக்குக் கிட்டம். தனியார் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதியைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

முதல் வருடச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தெரியலாம், அதை மறைக்க மாட்டேன். இடம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. புவியியலோ பொருளியலோ எம்.ஏ. வரை முடித்தவர்களை எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பில் சேர்க்கும் கல்லூரிகள் உண்டு. அந்தப் பாதைக்கு மனையை விற்க வேண்டிய தேவை வராது.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். அவள் குறி போட்ட இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, புலப்படம், அதாவது அந்த நிலத்தின் அளவு வரைபடம், வாங்கிக் கொடுங்கள். வரத்துக்கால் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று அதில் இருக்கிறதா என்று அவளே நோட்டோடு ஒத்துப் பார்க்கட்டும்.