டீச்சரம்மாவுக்குக் கடிதம் வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நரிமேட்டில் எங்கள் தெருவில் பூனைத் தொல்லை தாங்க முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மூன்று இருந்தன. போன வாரம் எண்ணினேன், 14. வண்டி சீட்டைக் கிழிக்கின்றன, மாடிப்படிக்குக் கீழே குட்டி போடுகின்றன, ராத்திரியில் பச்சைப் பிள்ளை அழுவது போலக் கத்துகின்றன. கடைசி வீட்டு ரிட்டையர்டு டீச்சரம்மா சாயங்காலமானால் சோறு வைக்கிறார், அதனால்தான் இவ்வளவு என்று தெருவே அவர்மேல் கோபமாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிடித்து அழகர்மலை அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகி, சாக்குகூட வாங்கியாகிவிட்டது. ஒருவர் விஷம் என்றே சொன்னார். நான் செயலாளர், எனக்கு மனசு வரவில்லை. சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லி டீச்சரம்மாவுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்துப் பார்க்கலாமா? நீங்கள் பூனையோடு இருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., நரிமேடு

அன்புள்ள ஆர்.,

அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அழகர்மலை.

நான் வளர்ந்தது சிம்மக்கல் பக்கம் ஒரு வளவில். ஆறு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு செவலைப் பூனை. கருவாட்டுச் சட்டியை உருட்டிவிட்டது என்று தாத்தா அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, வழி மறக்கட்டும் என்று மூன்று சுற்று சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார். பூனை ஆறு தாண்டாது என்பது அவர் கணக்கு. வைகையில் தண்ணீர் ஓடினால் சரிதான். ஒன்பதாம் நாள் காலையில் அது கிணற்றடியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. தாத்தா அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சட்டிக்கு ஒரு மூடி வாங்கினார்.

திரும்பி வந்தது அதன் அதிர்ஷ்டம். தெருவில் பிறந்த பூனைக்கு மலையடிவாரத்தில் தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று எதுவும் தெரியாது. பட்டினி கிடக்கும், இல்லையென்றால் வழி தேடிக் கிளம்பி லாரியில் அடிபடும். பட்டினி கிடக்க நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், நம்மூரில் இரண்டு பரோட்டாவோடு தீர்ந்துபோகிற காசு. விஷம் அப்படியல்ல. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. கூட்டத்தில் பேசியவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

சரி, 14-ஐயும் அப்புறப்படுத்திவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கோழிக்கடைக் கழிவும் குப்பையும் எலியும் இருக்கிற தெரு காலியாகக் கிடக்காது. பக்கத்துத் தெருப் பூனை வந்து உட்காரும், அதுவும் குட்டி போடும்.

மூன்று 14 ஆனதற்கு டீச்சரம்மாவின் சோறு கொஞ்சம் காரணம்தான், மறுக்கவில்லை. சோறு கிடைத்தால் குட்டி பிழைக்கும். ஆனால் பெருக்கம் அதனால் மட்டும் வருவதல்ல. பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒன்பது வாரத்தில் குட்டி, ஒரு ஈத்துக்கு மூன்றோ நான்கோ. அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். பகல் சுருங்குகிற குளிர் நாடுகளில் நடுவில் சில மாதம் ஓய்வு உண்டு, நமக்கு வருஷம் முழுக்கத்தான். நீங்கள் சொல்லும் ராத்திரிக் கத்தலும் பாதி இதுதான். பருவத்துக்கு வந்த பெட்டையும் அதற்காகச் சண்டை போடும் கடுவன்களும்.

ஆகவே கருத்தடை செய்து, அதே தெருவில், அதே இடத்தில் திரும்ப விடுவது. கத்தல் குறையும், சுவரில் மூத்திரம் பீய்ச்சும் அந்த நாற்றமும் குறையும். எண்ணிக்கை மெதுவாக, வருடக் கணக்கில்தான் இறங்கும்.

இப்போது டீச்சரம்மா. அந்த 14-இல் நீங்கள் கையால் தொட முடிந்தது எத்தனை? அவர் கிண்ணத்தைத் தட்டினால் அத்தனையும் வந்து நிற்கும். எது பெட்டை, எது பால் கொடுக்கிறது, எது போன மாதம் புதிதாக வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அவரைப் பகைத்துக்கொண்டால் ஒரு பூனையைக்கூடப் பிடிக்க முடியாது. போய் ஒரு காபி குடித்துவிட்டு உதவி கேளுங்கள்.

அவர் செய்ய வேண்டியது, தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணியில் தட்டை எடுத்துவிடுவது. எலிப்பொறி போலவே பெரிய கூண்டு ஒன்று வேண்டும். நான்கைந்து நாள் கதவைத் திறந்தபடி கட்டி வைத்து, சோற்றை அதற்குள் வையுங்கள், பழகட்டும். பிடிப்பதற்கு முந்தின ராத்திரி ஒன்றும் வைக்காதீர்கள். பசியில் உள்ளே வரும், மயக்க மருந்துக்கும் வெறும் வயிறுதான் வேண்டும். கதவு விழுந்ததும் ஒரு பழைய வேட்டியைக் கூண்டின்மேல் போர்த்திவிடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும். வெறுங்கையால் பிடிக்கப் போக வேண்டாம். கீறினாலோ கடித்தாலோ குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனையாலும் வெறிநோய் வரும்.

முதலில் பெட்டைகள். மடி கனத்துத் தெரிந்தால் குட்டி எங்கோ இருக்கிறது, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மாடிப்படிக் குட்டிகளை யாரும் தொட வேண்டாம். ஏழு வீடு மாற்றும் என்பார்களே, தொந்தரவு கொடுத்தால் தாய் தூக்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் தேட முடியாது. இரண்டு மாதமாகி ஒரு கிலோ எடை வந்தால் குட்டிகளுக்கும் செய்யலாம்.

மாநகராட்சி வண்டி நாய்க்குத்தான் வருகிறது, பூனைக்கு நாம்தான் அலைய வேண்டும். பூனைக்குக் கருத்தடை செய்து பழகிய கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, இரண்டு மூன்றாகக் கொண்டுபோங்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய் தடுப்பூசி போட்டு, இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லுங்கள். அந்த அடையாளம் இருந்தால் யாரும் மறுபடி அதைப் பிடித்து அறுக்க மாட்டார்கள். கடுவனை மறுநாளே விடலாம், பெட்டையை மருத்துவர் சொல்லும் வரை வைத்திருங்கள். செலவுக்குச் சங்கத்தில் வசூல் செய்வது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். என் தெருவில் ஏழில் ஆறுக்குச் செய்துவிட்டு, கூண்டுப் பக்கமே வராத ஒரு சாம்பல் பெட்டையை, ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிட்டேன். அடுத்த ஆடிக்குள் 11.

வண்டி சீட்டு பாக்கி. பூனைக்கு நகம் தீட்டச் சொரசொரப்பாக ஏதாவது வேண்டும். மாடிப்படிக் கம்பியில் கோணிச் சாக்கை இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள், சீட்டை விட்டுவிட்டு அதற்குப் போகும். சாக்குதான் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறீர்களே.