6 வயதுப் பெண்ணுக்கு விஞ்ஞானி வேலையை எப்படி அறிமுகப்படுத்துவது? எந்த சயின்ஸ் கிட் வாங்கலாம்?

கிட் வாங்காதீர்கள். உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ லேபில் வேலை பார்க்கிறவர் யாராவது இருப்பார். ரத்தப் பரிசோதனை, பால் பரிசோதனை, குடிநீர் வாரியம், எதுவானாலும் சரி. அவர் வேலை செய்வதை அரை மணி நேரம் பார்க்க விடுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருஷமாக வேலை. "அப்புறம் நீங்க எதுக்குப் பதில் எழுதறீங்க" என்று வருவீர்கள். காரணம் இருக்கிறது.

போன வருஷம் என் மகள் இரண்டாம் வகுப்பு. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்த நாள். விஞ்ஞானி வேஷம் போட்டு அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி. வகுப்பில் பாதிப் பேர் கலாம். மூன்று ஐன்ஸ்டீன், பஞ்சு மீசையோடு. இவள் என்னுடைய பழைய வெள்ளைக் கோட்டை மடித்துத் தைக்கச் சொல்லிப் போட்டுக்கொண்டு போனாள். யார் வேஷம் என்று கேட்டதற்கு "எங்க அம்மா" என்றாளாம். "விஞ்ஞானி வேஷம்தானே கேட்டோம், அம்மா வேஷமா?" என்று டீச்சர் சிரித்துவிட்டார். சாயங்காலம் கோட்டு சுருட்டிய மேனிக்கு டிபன் பைக்குள் கிடந்தது.

கலாமைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எங்கள் வீட்டிலும் அவர் படம் இருக்கிறது. ஆனால் அந்த வேஷம் போட்ட பிள்ளைகளில் ஒருவருக்காவது, அவர் காலையில் ஆபீஸ் போய் உட்கார்ந்து என்ன செய்தார் என்று தெரியுமா? கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் ஜானகி அம்மாள் என்று ஒருவர் கரும்பையும் புல்லையும் கலந்து புது ரகம் தேடிக்கொண்டிருந்தார். அவர் வேஷத்தில் ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. 1983-ல் டேவிட் சேம்பர்ஸ் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். விஞ்ஞானியை வரையச் சொன்னபோது 4,807 குழந்தைகளில் பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர்தான், அந்த 28 பேரும் சிறுமிகள். அது வெளிநாட்டுக் கதை, பழைய கதை. இருந்தாலும் டிபன் பையிலிருந்து கோட்டை எடுக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

மறுவாரம் தலைமை ஆசிரியையிடம் ஒரு பீரியட் கேட்டு வாங்கினேன். மஞ்சள் தூள், சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், ஒரு கண்ணாடி பாட்டில், எங்கள் தெரு மண். அவ்வளவுதான் கொண்டுபோனேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் ரத்தச் சிவப்பு. "ஆன்ட்டி, உங்க வீட்ல கல்யாணமா?" என்றது ஒரு வாண்டு. ஆரத்தியை அது பார்த்திருக்கிறது! எலுமிச்சையைப் பிழிந்ததும் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பு காரம், அதாவது புளிப்புக்கு எதிர்க்குணம், எலுமிச்சை புளிப்பு, மண்ணிலும் இந்த இரண்டு குணமும் உண்டு, எது எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை என்றேன். பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் இறங்கிவிட்டது, களி கலங்கலாகவே நின்றது. மறுநாள் வந்து பாருங்கள் என்றதும் எல்லா முகமும் தொங்கிப்போயிற்று. லேபிலும் அப்படித்தான், பாதி நேரம் காத்திருப்பதுதான் வேலை என்று அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "இதுக்கு சம்பளம் தர்றாங்களா?" தருகிறார்கள் என்றேன். அவனால் நம்ப முடியவில்லை.

நம்பாததில் தப்பில்லை, பெரியவர்களே நம்புவதில்லை. விவசாயிகளிடம், வயலில் எட்டு பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, எடுத்த மண்ணைக் கலந்து அரை கிலோ கொண்டுவாருங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறோம். வரப்போரம் ஒரு கை அள்ளி, அதையும் யூரியா சாக்கில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். யூரியாவே தழைச்சத்து உரம், அந்த மண்ணில் தழைச்சத்தை நான் எப்படிப் பார்ப்பது? பிறகு "உங்க அட்டையே தப்பு" என்று சண்டை. மண்ணில் என்ன சத்து எவ்வளவு என்று எழுதி 2015-லிருந்து மண்வள அட்டை கொடுக்கிறார்கள், எத்தனை வீட்டில் அது பரண்மேல் கிடக்கிறதோ. சரி, கேள்விக்கு இது சம்பந்தமில்லை.

பத்து நாள் கழித்து மகள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் கொடுத்தானாம், வீட்டுக் கீரைப் பாத்தி மஞ்சளடிக்கிறதாம். மண் இருந்தது சலவைத் தூள் கவரில். சோப்புக் கவரில் போட்டால் காரம்தான் காட்டும், நாலு இடத்தில் எடுத்து சுத்தமான பையில் கொண்டுவரச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். "சின்னப் பையன்கிட்டயுமா?" என்றார் வீட்டுக்காரர்.

திங்கட்கிழமை நாலு பொட்டலம் வந்தது, நோட்டுத் தாளில் மடித்து. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதியிருந்தான்: குழாய்கிட்ட, சுவர்கிட்ட, நடுவுல, நாய் படுக்குற இடம்.