இரண்டு ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆர்.சி.பி. (பெங்களூரு) பெண்கள் கிரிக்கெட் அணியைப் பற்றி நீங்கள் எழுதியதில், எலிஸ் பெர்ரி ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கால்பந்தும் ஆடியவர் என்று ஒரு வரி வந்தது. என் மகள் அதையே பிடித்துக்கொண்டாள். நாங்கள் பள்ளிபாளையம். நான் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றுகிறேன். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ரைடர். சனி, ஞாயிறு ஈரோட்டுக்குப் போய் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசப் பழகுகிறாள். இது கபடி சாருக்குத் தெரியாது. என் அண்ணன், "ரெண்டுலயும் காலை வெச்சா ரெண்டும் போயிரும், பொட்டப்புள்ளைக்கு ஒண்ணே சாஸ்தி" என்கிறார். இரண்டையும் தொழிலாக ஆட முடியுமா? இப்போதே ஒன்றை விடச் சொல்லிவிடட்டுமா? சாரிடம் சொல்லலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, பள்ளிபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது விடச் சொல்லாதீர்கள். இரண்டையும் தொழிலாக ஆடுவது பத்துப் பதினைந்து வருடம் முன்புவரை நடந்தது. இனி அநேகமாக நடக்காது. அதற்குக் காரணம் பெண்களின் திறமை குறைந்ததல்ல, பணம் வந்ததுதான்.

பெர்ரியையே எடுத்துக்கொள்வோம். 2007 ஜூலையில் டார்வின் நகரில் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணிக்கு முதன்முதலாக ஆடினார். வயது 16. இரண்டே வாரத்தில் ஆஸ்திரேலியக் கால்பந்து அணிக்கும் இறங்கி, ஹாங்காங்குக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தின் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். 2011 உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் ஸ்வீடனிடம் ஆஸ்திரேலியா 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் பெர்ரியுடையது. பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்தது. தற்காப்பு ஆட்டக்காரி அடித்த கோல் என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். யூடியூபில் கிடைக்கும், பாப்பாவுக்குக் காட்டுங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறொரு ஆட்டம். 2010 மே மாதம், பார்படோஸ், பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதி. நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். பந்து பெர்ரி கையில். எதிரே சோஃபி டிவைன். டிவைன் நேராக, பந்து வீசியவரைத் தாண்டிப் போகும்படி ஓங்கி அடித்தார். குனிந்து கையால் பிடிக்க நேரமே இல்லை. பெர்ரி வலது காலை நீட்டினார். பந்து பூட்ஸில் பட்டுத் திசை மாறி, பந்து வீசுபவருக்குச் சற்றுத் தள்ளி மிட்-ஆன் என்ற இடத்தில் நின்ற லிசா ஸ்தலேகரிடம் போனது. (ஸ்தலேகர் புனேயில் பிறந்து தத்துப் போனவர், அது தனிக் கதை.) ஆஸ்திரேலியா 3 ரன்னில் ஜெயித்தது. காலை நீட்டியது கால்பந்துப் பழக்கம் என்று அன்றே எல்லோரும் சொன்னார்கள். அதிர்ஷ்டமும் உண்டு என்பேன். ஆனாலும் கால் அந்தப் பக்கம் தானாகப் போனது.

பலர் கவனிக்காத சங்கதி, பந்தை அடித்த டிவைனும் இரண்டு ஆட்டக்காரிதான். நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடியவர். அதே அணியிலிருந்த சூசி பேட்ஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நியூசிலாந்துக்குக் கூடைப்பந்து ஆடியவர். ஒரே மைதானத்தில் இப்படி மூன்று பேர்! ஆண்கள் ஆட்டத்தில் இது அபூர்வம்.

ஏன் என்று யோசித்தால் விஷயம் கசக்கும். அன்று பெண்களுக்கு எந்த ஆட்டமும் முழுச் சாப்பாடு போடவில்லை. முழுச் சம்பளம் கொடுக்காதவர்கள் முழு நேரத்தையும் கேட்க முடியாது. அதனால் இரண்டு பக்கமும் பெண்களை விட்டுவைத்தார்கள். நம்ம ஊரில் தறியும் ஓட்டி, ரெண்டு எருமையும் வைத்து, ஏலச்சீட்டும் பிடிக்கிற ஆளை யாரும் "ஒண்ணைப் பாரு" என்று சொல்வதில்லையே, ஒன்று மட்டும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அதே கணக்குதான்.

பணம் வர ஆரம்பித்ததும் கயிறு இறுகியது. ஆஸ்திரேலியாவில் பெண்கள் கால்பந்து லீக்கும் கிரிக்கெட்டும் ஒரே கோடையில் வரும். 2012இல் பெர்ரியின் கான்பெரா அணி கால்பந்துக்கே முதலிடம் கேட்டது. கிரிக்கெட்டுக்கு வழிவிட்ட சிட்னி அணிக்கு அவர் மாறிக்கொண்டார். 2015 கடைசியில் அங்கே பெண்கள் பிக் பாஷ் என்ற டி20 கிரிக்கெட் லீக் வந்தது. 2017 ஊதிய ஒப்பந்தத்தில் கிரிக்கெட் பெண்களுக்கான ஒதுக்கீடு 75 லட்சம் ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 5 கோடியே 52 லட்சமாக ஏறியது. அதற்குள் பெர்ரியின் கால்பந்து நின்றே போயிருந்தது. 2023இல் நம்ம டபிள்யூ.பி.எல். (பெண்கள் ஐ.பி.எல்.) ஏலத்தில் ஆர்.சி.பி. அவரை 1.7 கோடிக்கு எடுத்தது. அவ்வளவு கொடுத்தவர்கள் வாரக் கடைசியில் பந்தை உதைத்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்ள விடுவார்களா?

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று சொல்பவர்களோடு நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். சம்பளம் வந்தது பெரிய நியாயம். கூடவே ஒரு சுதந்திரமும் போனது.

ஒன்றை முடித்து மற்றொன்றுக்குப் போகும் வழி இன்னமும் திறந்திருக்கிறது. ஆஷ்லி பார்ட்டி 2014இல் டென்னிஸ் சலித்து ஒதுங்கி, பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடி, 2016இல் திரும்பி வந்து, 2019இல் பிரெஞ்சு ஓபன் வென்றார். நம்ம ஜெமிமா ரோட்ரிக்ஸ் சின்ன வயதில் மகாராஷ்டிர வயதுப்பிரிவு அணிகளில் ஹாக்கியும், மும்பை வயதுப்பிரிவு அணியில் கிரிக்கெட்டும் ஆடி, பிறகு கிரிக்கெட்டில் நின்றவர். 2025 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர் அடித்த 127, பெர்ரி ஆடிய ஆஸ்திரேலியாவையே வீட்டுக்கு அனுப்பியது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கபடியும் கிரிக்கெட்டும் பெண்களுக்குக் கூலி கொடுக்கும் விதம் வேறு வேறு. புரோ கபடி 2014 முதல் ஆண்களுக்கு நடக்கிறது. பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளோடு ஒரு சிறு போட்டி வைத்தார்கள், அந்தக் கடையை அதோடு கட்டிவிட்டார்கள். ஆகவே கபடிக்காரப் பெண்ணுக்குச் சோறு போடுவது ரயில்வே, போலீஸ், அரசு வேலைதான். தமிழக அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழும் பதக்கமும் பேசும். கிரிக்கெட்டில் உச்சியில் இருப்பவர்களுக்குக் கோடி, நடுவில் இருப்பவர்களுக்குச் சொற்பம். கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கு 15 வயதுக்குட்பட்டோர் போட்டியைத் தொடங்கியதே 2022-23இல்தான். ஏணி புதிது, படிகள் குறைவு. உங்கள் அண்ணன் இந்தக் கணக்கைச் சொல்லி "ஒண்ணை எடு" என்றால் காது கொடுத்துக் கேட்பேன். பொட்டப்புள்ளை என்பதற்காகச் சொன்னால், "மச்சானுக்கு இதுல என்னங்க தெரியும்" என்று உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் வரை இரண்டும் ஓடட்டும். கபடியில் சட்டென்று உடம்பைத் திருப்பிக் கோட்டுக்கு ஓடி வரும் கால், வேகப்பந்து வீச்சில் கடைசி அடி வைக்கும் காலுக்குப் பலம்தான். அந்த வயதில் பல ஆட்டம் ஆடுவது நல்லதென்று விளையாட்டு மருத்துவர்களும் சொல்கிறார்கள். பயம் வேறு இடத்தில். திரும்பி, குதித்து ஆடும் ஆட்டங்களில் முழங்கால் ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வளரும் வயதில் வேகப்பந்து அதிகம் வீசினால் முதுகெலும்பில் மயிரிழை விரிசல் விழும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கபடி சார் அவளை நாற்பது ரைடு ஓட்டிவிட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை ஈரோட்டில் கோச் களைப்பில்லாமல் வந்த பெண் என்று நினைத்துப் பத்து ஓவர் போடச் சொல்கிறார். இரண்டு பேரும் கெட்டவர்களல்ல, ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு நோட்டுப் போட்டு, அன்றன்று எவ்வளவு ஓடினாள், எத்தனை பந்து போட்டாள், எங்கே வலிக்கிறது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் எதுவும் கிடையாது. முதுகு வலி இரண்டு வாரம் நீடித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வி, சாரிடம் சொல்லலாமா. சொல்லியே ஆக வேண்டும். மகளை அனுப்பாதீர்கள், நீங்களோ அவள் அப்பாவோ நேரில் போய்ச் சொல்லுங்கள், நோட்டையும் கையில் கொடுங்கள். குறுவட்டப் போட்டி தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. அணி போட்ட பிறகு ஈரோட்டில் யாரோ பார்த்துச் சொல்லி அவருக்குத் தெரிய வந்தால் கோபம் அவள் மேல்தான் விழும். சார் முதலில் முறைப்பார், முறைக்கட்டும். ரைடரை அவ்வளவு சுலபமாக அவரும் விட மாட்டார்.