அலமாரிக்குள் வந்த கடிதங்கள்

கேள்வி: அடையாறு பிரம்மஞான சபையை (தியசாபிகல் சொசைட்டி) தொடங்கியவர் அன்னி பெசன்ட் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, பிளாவட்ஸ்கி என்ற ரஷ்யப் பெண்மணி என்கிறார் நண்பர். அவர் மோசடிக்காரர் என்றும் சொல்கிறார். உண்மையா?

பதில்: முதல் விஷயத்தில் நண்பர் சொல்வது சரி. 1875-ல் நியூயார்க்கில் கர்னல் ஆல்காட் முதலானவர்களோடு சேர்ந்து சபையைத் தொடங்கியவர் ஹெலினா பிளாவட்ஸ்கிதான். இன்றைய உக்ரைனில் உள்ள நிப்ரோ நகரில் 1831-ல் பிறந்தவர். பதினேழு வயதில் தன்னைவிட மிகவும் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, சில மாதங்களிலேயே விட்டுக் கிளம்பிவிட்டார். அப்புறம் இருபது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராக அலைச்சல். திபெத்தில் ‘மகாத்மாக்கள்’ என்று அவர் குறிப்பிட்ட ஞானிகளிடம் பயின்றதாகச் சொன்னார், ஆனால் அதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. 1879-ல் பம்பாய்க்கு வந்தார், 1882 கடைசியில் அடையாற்றில் குடியேறினார்.

மோசடிப் பேச்சு அங்கேதான் கிளம்பியது. அவருடைய படுக்கையறையை ஒட்டிய அறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதற்குள் மகாத்மாக்களின் கடிதங்கள் தாமாகவே வந்து விழுவதாகப் பலரும் நம்பினார்கள். 1884-ல் அவர் ஐரோப்பாவில் இருந்த சமயம், வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த கூலோம் தம்பதி வெளியேற்றப்பட்டார்கள். அதெல்லாம் பிளாவட்ஸ்கி சொல்லி நாங்கள் செய்த ஏற்பாடு என்று சொல்லி, பிளாவட்ஸ்கியே எழுதியதாகச் சில கடிதங்களை அவர்கள் மிஷனரிகளிடம் கொடுக்க, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை அவற்றை அச்சிட்டது. அமானுஷ்ய விஷயங்களை ஆராயும் லண்டன் சங்கம் ஒன்று அனுப்பிய ஹாட்ஜ்சன் என்பவர் வந்து விசாரித்தார், பிளாவட்ஸ்கி கைதேர்ந்த ஏமாற்றுக்காரர் என்று 1885-ல் அறிக்கையும் வந்தது. இதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். அந்த அறிக்கையை வெளியிட்ட அதே சங்கத்தின் இதழில் 1986-ல் கையெழுத்து ஆய்வாளர் வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று விரிவாக எழுதினார். அதனால் அலமாரி அற்புதங்கள் மெய்யாகிவிடாது. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு வாழ்க்கை முழுவதையும் அந்த அலமாரிக்குள் அடைத்துவிடுவதும் நியாயமில்லை. வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் நம் சாஸ்திரங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய காலத்தில், அவற்றில் ஞானம் இருக்கிறது என்று ஊரறியச் சொன்னவர் அவர். 1880-ல் இலங்கையின் காலி நகரில் ஆல்காட்டும் அவரும் பஞ்சசீலம் ஏற்று முறைப்படி பௌத்தர்களானது அங்குள்ள பௌத்தர்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்!

மோசடிப் புகார் கிளம்பியதும் பிளாவட்ஸ்கி கூலோம் தம்பதி மீது வழக்குத் தொடரத் துடித்தார், சபையினர் தடுத்துவிட்டார்கள். 1885-ல் நோயோடு கப்பலேறியவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அந்த உடம்போடு ஐரோப்பாவில் உட்கார்ந்து எழுதி, 1888-ல் ‘ரகசியக் கோட்பாடு’ நூலை வெளியிட்டார். நீங்கள் சொன்ன அன்னி பெசன்ட், அந்த நூலுக்கு மதிப்புரை எழுதப் போய்த்தான் லண்டனில் அவரைச் சந்தித்து, 1889-ல் சபையில் சேர்ந்தார்.