பாட்டில் பாக்டீரியா வேண்டாம், சிறுநீரைப் பிரித்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் 18 சென்ட் விளையில் வீடு. போன தை மாதம் நானே பிளாக் கல் வைத்து, மலத்தை மக்கவைத்து உரமாக்கும் உரக் கழிப்பறை கட்டினேன். இரண்டு அறை, ஒவ்வொன்றும் மூன்றடிக்கு நாலடி, உயரம் மூன்றடி, பாதி மண்ணுக்குள். வீட்டில் நாலு பேர். பலகை இழைக்கும் பட்டறையிலிருந்து ரப்பர் மரத்தூள் வாங்கிப் போடுகிறோம். ஆனி மாதத்திலிருந்து நாற்றம் தாங்கவில்லை, புழுவும் நெளிகிறது. உரக்கடையில் மக்கவைக்கும் பாக்டீரியா என்று 450 ரூபாய்க்கு ஒரு பாட்டில் தந்தார்கள். வெல்லம் கரைத்து இரண்டு தடவை ஊற்றியும் பலனில்லை. வேறு எந்தக் கம்பெனி பாக்டீரியா நல்லது? முதல் அறை இப்போதே நிறைந்துவிட்டது. நாலு மாதத்தில் எடுத்துக் கீரைக்கும் வழுதலைக்கும் (கத்தரி) போடலாமா?

பதில்: எந்தக் கம்பெனியும் வேண்டாம். நம் வயிற்றிலிருந்து வெளியே போவதில் ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. அதற்கு மேல் பாட்டிலில் வாங்கி ஊற்றுவது, புத்தளம் உப்பளத்துக்கு உப்பு கொண்டுபோய் விற்பது மாதிரி. விற்றவருக்கு அது தெரியுமோ தெரியாதோ, 450 ரூபாய் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைவிட மோசம், ஏற்கனவே ஈரத்தில் திணறும் அறைக்குள் வெல்லத்தண்ணீரை வேறு ஊற்றியிருக்கிறீர்கள். புழு கொண்டாடாமல் என்ன செய்யும்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. கடிதத்தில் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சிறுநீரும் கால் கழுவும் தண்ணீரும் அதே ஓட்டையில்தான் விழுகின்றன. உங்கள் அளவுக்கு ஓர் அறை ஏறத்தாழ ஒரு கன மீட்டர். மலமும் தூளும் மட்டும் விழுந்தால் நாலு பேருக்கு ஓர் ஆண்டு தாங்கும். ஆறேழு மாதத்தில் நிறைந்தது என்றால் வேறு கணக்கே இல்லை.

நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிற ஆட்கள். அதனால் மூன்று வழி வேண்டும்: முன்னால் சிறுநீருக்கு, நடுவில் மலத்துக்கு, பின்னால் கழுவுவதற்கு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஒரு பொதுக் கழிப்பறையையே இந்த முறையில் நடத்தினார்கள், வீட்டில் முடியாதா? கழுவும் தண்ணீரைக் குழாய் போட்டு, ஜல்லி நிரப்பி மேலே மண் மூடிய பாத்திக்கு விடுங்கள். அதில் கல்வாழை வையுங்கள், இல்லை வாழை. சேம்பு வேண்டாம், பிறகு யாராவது கிழங்கு தோண்டிவிடுவார்கள்.

தரைக்குக் கீழே அறை கட்டியதும் தப்பு. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நானும் முதலில் அப்படித்தான் கட்டினேன். 2017 ஒக்கிப் புயலன்று மழைத்தண்ணீர் உள்ளே புகுந்து எல்லாம் மிதந்தது. அதற்கு மேல் விவரிக்க மாட்டேன். மறு வருஷம் தரையை ஓரடி உயர்த்தி, சிமென்ட் பூசி, நாலு படி வைத்துக் கட்டினேன். கூரைக்கு மேலே போகும் நாலு அங்குலக் காற்றுக் குழாயும், அதன் வாயில் ஈ வலையும் கட்டாயம்.

தூள் விஷயம். ரப்பர் பலகையை வண்டு துளைக்காமலிருக்கப் போரான் உள்ள போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பார்கள். இழைப்புப் பட்டறைத் தூளில் அந்தப் போரான் இருக்கும். கூடினால் பயிர் இலை ஓரம் கருகும். பச்சைத் தடி அறுக்கும் மில்லில் கேளுங்கள், அல்லது காய்ந்த சருகும் அடுப்புச் சாம்பலும் போதும். சாம்பல் அதிகமானால் மக்காது என்பார்கள். மக்காவிட்டால் போகட்டும், நம் மழைக்கு உலர்த்துவதுதான் நடக்கும்.

இனி என் பழைய பல்லவி. சத்தில் பெரும்பங்கு மலத்தில் இல்லை, நீங்கள் வீணாக்கும் சிறுநீரில். ஓர் ஆள் ஓர் ஆண்டில் விடும் சிறுநீரில் சுமார் 2 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). நாலு பேருக்கு 8 கிலோ. யூரியாவாகக் கணக்குப் போட்டால் 17 கிலோ! அதை அறைக்குள் விட்டு அம்மோனியாவாக்கி முகர்ந்துவிட்டு, சொசைட்டியில் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறோம். சிறுநீர்க் குழாயின் முனையை 20 லிட்டர் கேனுக்குள் விட்டு மூடி வையுங்கள். திறந்து வைத்தால் சத்து காற்றில் போய்விடும். ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து, வாழை மூட்டிலிருந்து ஓரடி தள்ளிச் சிறு குழி பறித்து ஊற்றி மண் தள்ளுங்கள். இலையில் படக் கூடாது. மட்டியோ செவ்வாழையோ, இரண்டே வாரத்தில் இலையின் நிறமே பேசும். ஆனால் ஒரு வாழைக்கு 110 கிராம் தழைச்சத்து என்றால் 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) வேண்டும், அதைச் சிறுநீர் மட்டும் தராது. மிச்சச் சாம்பலை வாழைக்கே போடுங்கள், பொட்டாஷும் கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். சிறுநீரில் உப்பும் உண்டு, கோடையில் ஒரே மூட்டில் தொடர்ந்து ஊற்றாதீர்கள். காய்கறிக்கு ஊற்றினால் கடைசியாக ஊற்றிய நாளிலிருந்து ஒரு மாதம் கழித்துத்தான் பறிக்க வேண்டும்.

அந்த நாலு மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். மலத்தில் இருக்கும் நாக்குப்பூச்சி (குடல்புழு) முட்டை அதற்கெல்லாம் சாகாது. சின்ன அறையில் அதைக் கொல்லும் அளவு சூடு ஏறாது, காலம்தான் கொல்லும். முதல் அறையில் சாம்பலும் சருகும் நிறையப் போட்டு மூடி, நன்றாக உலர்ந்த நாளிலிருந்து ஒரு முழு வருஷம் விடுங்கள். பிறகும் கீரை, முள்ளங்கி, பச்சையாகத் தின்னும் எதற்கும் வேண்டாம். வழுதலைக்கும் எனக்குச் சம்மதமில்லை, கீழ்க்காய் மண்ணைத் தொடும். தென்னை மூட்டிலும் வாழைக் குழியிலும் புதையுங்கள். காய்கறிக்கே போட ஆசை என்றால் பந்தலில் ஏறும் புடலையும் பாகலும் நட்டு, நடுமுன்பே குழிக்குள் மூடிவிடுங்கள். அள்ளும்போது கையுறை போடுங்கள்.

ஒன்று விட்டுவிட்டீர்கள். கிணறு எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. 18 சென்டில் அது தூரமாக இருக்க வழியில்லை. இப்போதைய அறை பாதி மண்ணுக்குள் நனைந்து நிற்கிறது. கிணறு அதற்கு எத்தனை அடி, மேட்டுப்பக்கமா பள்ளமா என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.